செட்டிநாட்டுக் கண்மாய்க்கரையில் பறவை வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் கண்மாய்க்கரையிலும் ஊருணிப் படியிலும் உட்கார்ந்து பறவை வரையத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாதிக் கேள்விகள் பென்சில், தாள், வண்ணம் பற்றியவை. மீதி, "இதை எதுக்கு வரையணும்?" என்பதில் வந்து நிற்பவை. எதற்காக வரைகிறோம் என்பதே எந்தக் கோட்டை முதலில் போடுவது என்பதையும் முடிவு செய்வதால் இரண்டு வகையையும் கலந்தே வைத்திருக்கிறோம்.

எந்தப் பறவையிலிருந்து தொடங்கலாம்?

மடையானிலிருந்து. எந்தக் கண்மாய் மடையிலும், வயல் வரப்பிலும் ஒன்றாவது நிற்கும். மடையோரம் நிற்பதால் மடையான். ஆள் கிட்டே வரும்வரை கண் தெரியாததுபோல் அசையாமல் இருப்பதால் அதற்கே குருட்டுக்கொக்கு என்றும் பெயர். வரைபவருக்கு வேண்டியது அந்த அசையாமைதான். ஒரே நிலையில் பல நிமிடம் நிற்கும். நகர்ந்தாலும் நாலடி தள்ளி மறுபடி அதே கூனலோடு நிற்கும்.

மயிலையும் மீன்கொத்தியையும் முதலில் எடுக்காதீர்கள். குன்றக்குடிப் பக்கம் மயில் கண்ணில் படாத நாள் இல்லை என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் தோகையின் நிறத்திலேயே கை போய்விடும். உடல் எங்கே இருக்கிறது, எடை எந்தக் காலில் விழுகிறது என்பதைக் கற்காமலே படம் முடிந்துவிடும்.

கண்மாய்க்குப் போக முடியாதவர்களுக்கு வீட்டு வளவே போதும். வாய் அகன்ற மண்சட்டியில் 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள். சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா எல்லாம் வரும். சட்டி விளிம்பில் குருவி உட்காரும் இடமும் உயரமும் மாறாது. அளவு பிடிக்க அது பெரிய உதவி.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போவது?

இங்குள்ள கண்மாய்கள் மழையை நம்பியவை. வடகிழக்குப் பருவமழை பெய்து தண்ணீர் நின்ற பிறகு, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீர்ப்பறவைக் காலம். திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிச் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா, உண்ணிக்கொக்கு எல்லாவற்றையும் ஒரே கரையிலிருந்து பார்க்கலாம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே போய்ச் சத்தமாகப் பேசாமல் இருப்பது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4.30 முதல் இருட்டும் வரை. வெயில் உங்கள் முதுகில் விழும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள். எதிர்வெயில் அமைந்துவிட்டால் நிறத்தை மறந்து நிழலுருவம் மட்டும் வரையுங்கள். உருவம் பழக அதைவிட நல்ல பாடம் கிடையாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை வேண்டாம். செம்மண் கரையில் அது தூரத்திலிருந்தே தெரியும்.

மார்ச் முதல் கண்மாய் வற்றும். அப்போது வேம்பும் முருங்கையும் ஆலும் இருக்கும் இடங்களில் குக்குறுவான், தேன்சிட்டு, குயில், வால்காக்கை.

என்னென்ன வாங்க வேண்டும்?

கொஞ்சம்தான். எச்பி, 2பி, 4பி பென்சில் தலா ஒன்று. பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய மென்ரப்பர். பென்சில் ஓவியத்துக்கு ஏ5 அளவு நோட்டு. வாட்டர்கலர் போடுவதென்றால் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள். 200க்குக் கீழே போனால் ஈரம் பட்டதும் அப்பளம்போல் நெளியும். வட்டத் தூரிகை 2, 6, 10ஆம் எண். வண்ணத்தில் அல்ட்ராமரின் நீலம், செருலியன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா சியன்னா (மஞ்சள்பழுப்பு), எலுமிச்சை மஞ்சள், ஒரு சிவப்பு. கறுப்பு வாங்க வேண்டாம்: அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் கறுப்பில் உயிர் இருக்கும். காக்கை, கரிச்சான், நீர்க்காகம் மூன்றுக்கும் அதில் நீலத்தையோ பழுப்பையோ கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலே போதும்.

8 மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் இருந்தால் நல்லது. 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கம் படத்தை ஆட்டும். தாளுக்கும் கைக்கும் நடுவே வைக்க ஒரு பருத்தித் துணி அவசியம். வியர்வை பட்ட இடத்தில் பென்சிலும் ஒட்டாது, வண்ணமும் திட்டாகும்.

பறவை ஒரு நிமிடம்கூட நிற்பதில்லையே, எப்படி வரைவது?

ஒரே பக்கத்தில் ஆறு, ஏழு படங்களைத் தொடங்குங்கள். பறவைக்கு வழக்கமான நிலைகள் சில உண்டு. அவற்றுக்கே திரும்பத் திரும்ப வரும். தலை திரும்பியதும் முதல் படத்தை விட்டுவிட்டு இரண்டாவதைத் தொடங்க வேண்டும். பழைய நிலைக்கு வந்ததும் முதல் படத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏழில் இரண்டு படமாவது உருப்படும். மற்ற ஐந்தை அழிக்காதீர்கள்.

இன்னொரு பழக்கம்: ஒரு நிமிடம் பாருங்கள், பென்சிலைத் தொடாதீர்கள். பிறகு பறவைக்கு முதுகைக் காட்டி நினைவிலிருந்து வரையுங்கள். எங்கே கை நிற்கிறதோ அதுதான் நீங்கள் பார்க்காத இடம். திரும்பி அந்த ஓரிடத்தை மட்டும் பாருங்கள். கண் எங்கே இருக்கிறது என்பதில்தான் ஏறக்குறைய எல்லோர் கையும் நிற்கும்.

நத்தைகுத்தி நாரையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இந்த வட்டாரத்துக்கே உரிய பாடம் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் ஒரே ஒரு சாய்கோடு: முதுகின் சாய்வு. ஓய்வாக நிற்கும் நாரைக்கு அது செங்குத்தாக இருக்கும். இரை தேடும்போது கிட்டத்தட்டப் படுக்கையாகிவிடும். இந்தக் கோடு பிழைத்தால் மேலே எவ்வளவு உழைத்தாலும் தேறாது. கோட்டின்மேல் ஒரு முட்டை. முட்டையின் எடை எங்கே விழுகிறதோ அதற்கு நேர் கீழே பாதம். ஒற்றைக்காலில் நின்றால் உடல் முழுவதும் அந்தக் காலுக்கு மேலே நகர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரு காலை மட்டும் அழித்தால் பறவை விழப்போவதுபோல் இருக்கும்.

அடுத்து கழுத்து, தலை. பிறகு அலகு. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி, தலை நீளத்தை அளந்து, அலகு அதைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். நினைத்ததைவிட நீளமாகவே இருக்கும். கண்ணை வைக்கும் முன் வாய்க்கோட்டைப் பின்னால் நீட்டிப் பாருங்கள். கண் அதற்குச் சற்று மேலே, அலகின் அடிக்கு மிக அருகில் உட்காரும்.

இனி அந்த இடைவெளி. அதிகம் பேர் தவறுவது இங்கே. கரையும் காக்கைபோல் அலகின் நுனியைத் திறந்து வரைந்துவிடுகிறார்கள். நத்தைகுத்திக்கு அடியும் நுனியும் சேர்ந்திருக்கும், நடுவில்தான் பிளவு. கீழலகு வில்போல் வளைந்திருப்பதால் வருவது அது. பிளவு வழியே பின்னாலிருக்கும் தண்ணீரோ கருவேல இலையோ தெரிய வேண்டும், எனவே பின்னணி நிறத்தை அங்கேயும் விடாமல் போடுங்கள். கீழலகின் நுனி பல பறவைகளில் வலப்பக்கம் லேசாகத் திருகியிருக்கும்.

பார்த்தால் பாக்குவெட்டி நினைவு வரும். ஓட்டைக் கடித்து உடைக்கத்தான் இந்த அமைப்பு என்று தோன்றும். அப்படிச் செய்வதில்லை. கீழலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து இழுத்துவிடுகிறது. 'குத்தி' என்று பெயர் வைத்தவர்கள் அதைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாக நிறம். இனப்பெருக்கக் காலத்தில் உடல் வெள்ளை, மற்ற காலத்தில் புகைச்சாம்பல். மடித்த சிறகின் பின்பாதியும் வாலும் பளபளப்பான கறுப்பு. அதே உருவத்தில் பிளவே இல்லாத அலகோடு பழுப்பேறிய ஒன்று நின்றால் வேறு பறவை என்று குழம்ப வேண்டாம், அது அந்தப் பருவத்துக் குஞ்சு.

பறவையின் முழங்கால் பின்பக்கம் மடங்குகிறதா?

இல்லை. நீங்கள் பார்ப்பது கணுக்கால். முழங்கால் மேலே வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது, நம்முடையதுபோல முன்பக்கமே மடங்குகிறது. விரல் பெரும்பாலும் முன்னே 3, பின்னே 1. கிளி, மரங்கொத்தி, செண்பகம் இவற்றுக்கு முன்னே 2, பின்னே 2. கிளை பிடிக்கும் பாதத்தை வரையும்போது கிளையை முதலில் வரையுங்கள், விரல் அதைச் சுற்றி வரட்டும்.

பறக்கும் நாரையையும் கொக்கையும் எப்படிப் பிரித்து வரைவது?

நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் கழுத்தை நீட்டிப் பறக்கும். கொக்கும் மடையானும் வக்காவும் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். குழப்பம் ஒரே இடத்தில் வரும்: சாம்பல் நாரை. பெயர்தான் நாரை; இனத்தால் கொக்கு, எனவே மடித்தே பறக்கும்.

இறகுகளை ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?

வேண்டாம். மீன் செதில்போல் உடம்பெல்லாம் அடுக்கினால் பறவை ஓலைக்கொட்டான் முடைந்ததுபோல் ஆகிவிடும். இறகுகள் கூட்டங்களாக இருக்கின்றன: தோள்மேல் படிந்தவை, சிறகை மூடும் சிறியவை, அவற்றுக்குக் கீழே நீண்டவை. கூட்டத்தின் எல்லையை மட்டும் வரைந்து, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் நாலைந்து இறகைக் காட்டினால் மீதியைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். சிறகு விரிந்திருந்தால் மட்டும் எண்ணிக்கை முக்கியம். நுனிப்பக்கத்து நீள இறகுகள் பெரும்பாலான பறவைகளுக்கு 10 அல்லது அதற்கு ஒன்றிரண்டு கூடக் குறைய. வாலில் பெரும்பாலும் 12.

வெள்ளைக் கொக்கை வெள்ளைத் தாளில் எப்படிக் காட்டுவது?

கொக்கை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தை வரையுங்கள். பின்னால் உள்ள நாட்டுக்கருவேல மரத்தின் கரும்பச்சையை முதுகுக்கோடு வரை கொண்டுவந்து நிறுத்தினால் கொக்கு தானாக எழுந்து வரும். நிழல் பக்கத்துக்குத் தண்ணீரில் மிக நீர்த்த அல்ட்ராமரின். வயிற்றுக்கடியில் கவனியுங்கள்: செம்மண் வரப்பில் நிற்கும் கொக்கின் அடிவயிறு லேசான காவி ஏறியிருக்கும், தண்ணீரில் நின்றால் பச்சை. பர்ன்ட் சியன்னா ஒரு துளி அங்கே. பென்சிலால் உடலைச் சுற்றி அழுத்தமான கோடு போட்டுவிட்டால் இவை எதுவும் தெரியாது.

பனங்காடையின் நீலம் வரவே மாட்டேன் என்கிறது.

அந்த நீலம் சாயம் இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. வெளிச்சத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். அல்ட்ராமரினையும் செருலியனையும் தட்டில் கலக்காதீர்கள். தாளில் பக்கம் பக்கமாக வைத்து நடுவே மெல்லிய வெள்ளை விட்டால் மினுக்கு வரும்.

பெரிய தவறு வேறு. பனைமட்டையிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்திருக்கும் பனங்காடைக்கு உடல் முழுக்க நீலம் பூசுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது முதுகு மங்கிய பழுப்பு, மார்பு ஊதா கலந்த பழுப்பு. உச்சந்தலை, சிறகோரம், வால், அடிவயிறு மட்டும் நீலம். சிறகை விரித்த கணத்தில்தான் அந்த வெடிப்பு. பறக்கும் பனங்காடையைப் பார்த்த சந்தோஷத்தை உட்கார்ந்த பனங்காடையின்மேல் பூசுவதால் வரும் பிழை இது. ஒன்று பறப்பதை வரையுங்கள், அல்லது பழுப்பை நம்புங்கள்.

வெயிலில் வண்ணம் உடனே காய்ந்து விளிம்பு கட்டுகிறது.

தாளை வண்ணம் போடும் முன் இரண்டு முறை ஈரப்படுத்துங்கள். முதல் ஈரம் உள்ளே போகட்டும், இரண்டாவது மேலே நிற்கட்டும். வண்ணம் கலக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் விட்டால் காய்வது தாமதமாகும். அதிகமானால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் சிக்கல் தலைகீழ்: காயவே காயாது. அந்த மாதங்களில் கரையில் பென்சில், வீட்டில் வண்ணம் என்று பிரித்துக்கொள்வதே சரி.

படம் எடுத்து வந்து அதைப் பார்த்து வரையலாமா?

சரிபார்க்க மட்டும். முதலில் நேரில் வரைந்த கோடு இருக்க வேண்டும். அலகின் நிறம், விரல் எண்ணிக்கை போன்றவற்றுக்குப் பிறகு படத்தைப் பாருங்கள். போன் கேமராவில் வெள்ளை இறகின் விவரம் வெளுத்துப்போகும், நிழல் கறுத்துப்போகும். பறக்கும் சிறகு ஏதோ ஒரு கணத்தில் உறைந்து, கண் ஒருநாளும் பார்த்திராத கோணத்தில் நிற்கும். அதை அப்படியே பிரதி எடுத்தால் பறவை அட்டையில் வெட்டியதுபோல் இருக்கிறது. ஒலிப்பதிவு போட்டுப் பறவையை அழைப்பது கூடவே கூடாது.

ஏஐ ஒரு நொடியில் அழகாகப் படம் தருகிறதே, கை வலிக்க ஏன் வரைய வேண்டும்?

பிழைகளைக் காட்டி இதற்குப் பதில் சொல்லலாம்: நத்தைகுத்தியின் நுனி திறந்திருக்கும், விரல் கூடிப்போகும், இரண்டு இனத்தின் நிறம் கலந்துவிடும். ஆனால் அது வலுவான பதில் இல்லை. நாளை அந்தப் பிழைகள் தீர்ந்துவிடலாம். முழுக்கச் சரியான படம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதில் யாருக்கும் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்த பக்கத்தில் முடிக்காத ஏழு கழுத்து இருக்கும், உடலே இருக்காது. அந்தப் பறவையின் கழுத்து வளைவு அவரை விடவில்லை என்பது அதில் எழுதாமலே தெரியும். வரைந்து முடித்து எழுந்தவருக்கு நத்தைகுத்தியின் அலகு இனி மறக்காது. கேட்டு வாங்கிய படத்தைப் பார்த்தவருக்கு அது நாளைக்கு நினைவிருக்காது.

நோக்கம் நோக்கம் என்கிறீர்கள். அது கோட்டில் எங்கே தெரிகிறது?

எதை விட்டீர்கள் என்பதில். இதைச் செய்தே பார்க்கலாம். ஒரு மடையானை மூன்று முறை, தலா 5 நிமிடம் வரையுங்கள். முதல் முறை, இதைப் பார்க்காத ஒருவர் நாளை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக: அலகு நுனியின் கருமை, கழுத்தின் கோடுகள், காலின் மஞ்சள்பச்சை எல்லாம் வரும், நிற்கும் தோரணை கெட்டிருக்கும். இரண்டாம் முறை, அந்தக் காத்திருப்பை மட்டும் காட்ட: கூன் முதுகு ஒரு வளைவு, கால் ஒரு கோடு, இறகே இருக்காது. மூன்றாம் முறை, இந்தக் கண்மாயில் மடையான் எங்கே நிற்கிறது என்று பதிவு செய்ய: மடை பெரிதாகும், பறவை கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கும். மூன்றும் உண்மை. மூன்றையும் ஒரே படத்தில் திணித்தால்தான் தாள் கனத்துப்போகும்.

ஊரார் வைத்த பெயர்களிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. மாட்டின் உண்ணி பொறுக்கியதைக் கண்டவர் உண்ணிக்கொக்கு என்றார். அதை மாடு இல்லாமல் வரைந்தால் பாதிதான் வரைந்ததாகும். வேட்டைக்குப் போனவரைக் காட்டிக்கொடுத்தது ஆள்காட்டி ஆனது. அரிவாள் பிடித்த கை அரிவாள் மூக்கனைக் கண்டது. கரைக்கு வந்ததும் அங்குள்ளவர்களிடம் பறவையின் பெயரைக் கேளுங்கள்: எந்தக் கோட்டை முதலில் போடுவது என்பது பலமுறை அந்தப் பெயரிலேயே இருக்கும்.

பழைய பாட்டிலும் பாருங்கள். குறுந்தொகையில் கபிலரின் தலைவி, தலைவன் கைவிட்டால் தனக்குச் சாட்சி ஒரு குருகு மட்டுமே என்கிறாள். அந்தத் துயரத்திலும் குருகின் கால் தினைத்தாள்போல் சிறிதாய்ப் பசுமையாய் இருந்தது சொல்லப்படுகிறது. அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும். சாட்சி தன்னைப் பார்க்கவே இல்லை என்ற வலி அந்தப் பார்வையின் திசையில் இருக்கிறது. கபிலரோடு சேர்த்துப் பேசப்படும் பறம்புமலை சிங்கம்புணரியை அடுத்த பிரான்மலைதான் என்பார்கள். சத்திமுத்தப் புலவரோ வறுமையில், குளிரில் நடுங்கியபடி செங்கால் நாரையைப் பார்க்கிறார். அதன் அலகு பிளந்த பனங்கிழங்காகத் தெரிகிறது. பசித்தவர் கண்ட உவமை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. கிழங்கைப் பிளந்து பக்கத்தில் வைத்து அலகை வரைந்து பாருங்கள், வடிவம் அவ்வளவு பொருந்தும்.

நோக்கம் படத்தைக் கெடுக்கவும் செய்யுமா?

வளைக்கும். அமெரிக்காவில் ஆடுபான் (1785–1851) என்ற பறவை ஓவியர் எல்லாப் பறவைகளையும் இயல்பான அளவிலேயே வரைவது என்று தீர்மானித்தார். 1827 முதல் 1838 வரை 435 படங்கள் அச்சாயின. தாள் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். பூநாரை அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியாது, எனவே கழுத்து தரையை நோக்கி வளைந்தது. அந்த வளைவு அழகுதான். ஆனால் அதை வளைத்தது தாளின் அளவு. அவர் பறவைகளைச் சுட்டு, கம்பி குத்தி நிறுத்தி வரைந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த விலையை இன்று யாரும் கொடுக்கத் தேவையில்லை.

தமிழில் இயற்கையை எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) தன் கட்டுரைகளுக்குத் தானே கோட்டோவியம் வரைந்தார். எழுத்தில் சொன்ன ஒரு செய்கையைக் காட்டுவது அந்தப் படங்களின் வேலை. மைக்கோட்டில் பயிற்சி எடுக்க விரும்புகிறவர்கள் தேடிப் பார்க்க வேண்டியவை.

விற்பதற்கோ லைக்குக்கோ வரைவது தவறா?

தவறில்லை. என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்: கண் பெரிதாகும், நிறம் ஏறும், பறவை எப்போதும் மயிலாகவோ மீன்கொத்தியாகவோ இருக்கும். வளவில் நாள் முழுக்கக் கூட்டமாகக் கத்தும் தவிட்டுக்குருவியை யாரும் வரைவதில்லை. மணிவிழாவுக்குப் பரிசாகப் பறவைப்படம் கேட்டு வந்தால், "ஐயா எந்தப் பறவையைத் தினம் பார்ப்பார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். முகப்பில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அவர் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பது மயிலாக இருக்காது.

சித்தன்னவாசல் போனால் பறவை வரைபவருக்கு ஏதாவது கிடைக்குமா?

நிச்சயம். புதுக்கோட்டைக்குப் பக்கம்தான். 9ஆம் நூற்றாண்டுச் சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம்: பறவைகள், மீன்கள், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். சமண மரபில் அடியார்கள் பூக்கொய்யும் புனிதக்குளம் அது. சமயத்துக்காக வரைந்த குளத்தில் எருமை எப்படி நிற்கும், பறவை இலைக்கு நடுவே எப்படி ஒதுங்கும் என்பதை அந்த ஓவியர்கள் ஊர்க்குளத்தில்தான் பார்த்திருப்பார்கள். நிறம் நிறைய மங்கிவிட்டது. உள்ளே இருட்டு, கண் பழக 5 நிமிடம் கொடுங்கள். பறவைகளைச் சுற்றி இலை எப்படி இடம் விடுகிறது என்பதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

நான் வரைந்த பறவையைத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் போட முடியுமா?

முடியும், படத்தை மாற்ற வேண்டும். கண்ணாடிமேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டோடு கலந்த நிறத்தை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். தண்ணீரில் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடி பட்ட பக்கம்தான் வழவழப்பான முகம். ஆகவே நிழல், நிறக்கலவை எதுவும் நடக்காது. எல்லா வடிவமும் மூடிய அறையாக இருக்க வேண்டும். மெல்லிய கால் நிறத்தில் கசிந்து மறையும். நாரைக்காலை இயல்பைவிட இரண்டு மடங்கு தடிமனாக்குங்கள், நிறத்தை நாலுக்குள் அடக்குங்கள். இன்னொன்று பலர் மறப்பது: ஊற்றும்போது மேலிருந்து பார்ப்பதற்கு நேர்மாறாகத்தான் கல் வரும். இடப்பக்கம் பார்க்கும் பறவை வலப்பக்கம் பார்க்கும். தளத்தில் எதிரெதிராகப் பதிக்க நினைத்தால் இரண்டு அச்சு வேண்டும்.

8 வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கோடு போட்டுக்கொடுத்து வண்ணம் நிரப்பச் சொல்லாதீர்கள். "குருவி என்ன செய்யுது?" என்று மட்டும் கேளுங்கள். தண்ணி குடிக்குது என்றால் குடிப்பதை வரையட்டும். மூன்று கால் போட்டாலும் திருத்த வேண்டாம், மறுபடி குருவியைப் பார்க்க அனுப்புங்கள். ஆச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தால் பிள்ளை கூடுதல் நேரம் உட்காரும்.

கூடு கட்டும் காலத்தில் கிட்டே போய் வரையலாமா?

கூடாது. சங்குவளை நாரை உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நிற்கும். நாம் நெருங்கினால் அது எழுந்து போகும். இந்த ஊர் வெயிலில் குஞ்சு கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. காக்கையும் காத்திருக்கும். கரையைவிட்டு இறங்காமல், பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கியதும் பின்வாங்குங்கள். முட்டையையும் கூட்டையும் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த நிழல் பிடிக்கும் காட்சியைத் தூரத்திலிருந்தே வரையலாம்: விரிந்த சிறகு ஒரு முக்கோணம், அதற்கடியில் இருட்டு, இருட்டுக்குள் நாலைந்து அலகு.

படத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது, நோட்டை எப்படிப் பாதுகாப்பது?

தேதி, நேரம், கண்மாயின் பெயர், தண்ணீர் எவ்வளவு நின்றது, பறவை என்ன செய்தது, கால் நிறம், கண் நிறம். நிறத்தை நினைவில் வைத்து வீட்டுக்குப் போகாதீர்கள். "கால் மாங்காய்ப்பச்சை" என்று எழுதிவிடுங்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை கொடுப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு அப்படியே உதவும். மென்பென்சில் படங்கள் ஒன்றில் ஒன்று ஈஷிக்கொள்ளும், நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். மழைக்கால ஈரத்தில் தாளில் பூஞ்சை வரும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். நோட்டுகளைச் சுவரை ஒட்டி அடுக்காமல், வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்ட பெட்டியில் வைத்து, தை பிறந்ததும் ஒரு நாள் வளவில் நிழலில் விரித்து ஆற வையுங்கள்.